ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரும் ஒரு குழந்தையின் மூச்சும்

நீர்ம அழுத்தம் என்றதும் நாம் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் மூன்று: அடிப்பகுதி அகன்ற அணைச்சுவர், ஆழ்கடலில் இறங்கும் நீர்மூழ்கி, மூன்று துளையிட்ட பிளாஸ்டிக் பாட்டில். மூன்றும் நல்லவையே. ஆனால் அணையையும் கடலையும் மட்டுமே கேட்டு வளரும் மாணவர், அழுத்தம் என்றாலே அது பெரிது, நசுக்குவது என்று எண்ணிக்கொள்கிறார். வெறும் 5 செ.மீ. ஆழத் தண்ணீரின் அழுத்தம், ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் நுரையீரலைச் சுருங்கிவிடாமல் தாங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு கேள்வி கேட்கத் தொடங்கிவிடும்.

அந்தக் கருவியை மருத்துவர்கள் ‘பபிள் சிபேப்’ என்கிறார்கள். குமிழி வழித் தொடர் அழுத்தக் கருவி என்று நாம் தமிழில் சொல்லலாம். குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் திணறும் குழந்தைகளுக்கு உலகெங்கும் பயன்படுகிறது. நம் மாநில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் உள்ளது. எட்டாம் வகுப்பின் ‘விசையும் அழுத்தமும்’, ஒன்பதாம் வகுப்பின் ‘பாய்மங்கள்’, சுவாச மண்டலப் பாடம் ஆகிய மூன்றையும் இந்த ஒரு கருவியைக் கொண்டு இணைத்துவிடலாம். அதற்கு முதலில் கருவிக்குள் காற்று எந்த வழியில், எதனால் நகர்கிறது என்பது நமக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

நுரையீரல் ஏன் சுருங்கிவிடுகிறது?

புது பலூனை ஊதும்போது முதல் ஊதல்தான் கடினம். பாதி ஊதிய பின் எளிதாகிவிடும். முழுவதும் காற்றை விட்டுவிட்டு மறுபடி ஊதினால் மறுபடியும் அதே சிரமம். நுரையீரலின் காற்று நுண்ணறைகளும் ஏறக்குறைய இப்படித்தான். நுண்ணறையின் உட்சுவர் ஈரமானது. அந்த ஈரப்படலத்தின் பரப்பு இழுவிசை நுண்ணறையை எப்போதும் உள்நோக்கிச் சுருக்கப் பார்க்கிறது. அதை எதிர்த்து விரிந்த நிலையில் வைக்கத் தேவையான அழுத்தம், பரப்பு இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். ஆரம் சிறிதானால் தேவையான அழுத்தம் கூடும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. சுருங்கச் சுருங்க, மேலும் சுருங்குவது எளிதாகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஆரம் 50 மைக்ரோமீட்டர், படலம் வெறும் நீர் என்று கொள்வோம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.07 நியூட்டன். 2 × 0.07 ÷ 0.00005 = 2800 பாஸ்கல். இது ஏறத்தாழ 28 செ.மீ. நீர்த்தம்பத்தின் அழுத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பச்சிளங்குழந்தை இதோடு போராட முடியாது. அதனால்தான் நுரையீரல் தனக்கென ஒரு பூச்சைச் சுரக்கிறது. கொழுப்பும் புரதமும் கலந்த அந்தப் பொருளின் பெயர் சர்ஃபாக்டன்ட். பரப்பு இழுவிசையை 0.01 அளவுக்குக்கூட அது குறைத்துவிடும். அப்போது அதே நுண்ணறைக்கு 400 பாஸ்கல் போதும். சோப்பு நீரில் குமிழி விடுவது எளிது, வெறும் நீரில் முடிவதில்லை என்பதை அறிந்த மாணவருக்கு இது புதிதல்ல.

இந்தப் பூச்சு கருவின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கிறது. முன்கூட்டியே பிறந்துவிட்ட குழந்தையிடம் அது குறைவு. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்கின்றன, அடுத்த மூச்சில் மறுபடி பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. சில மணி நேரத்தில் குழந்தை களைத்துப்போகிறது.

காற்றுக்கு இரண்டு வழிகள்

கருவியின் அமைப்பு எளிமையானது. ஆக்சிஜனும் காற்றும் தேவையான விகிதத்தில் கலந்து, நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்று ஓட்டமானியில் அளந்து அனுப்பப்படுகின்றன. பச்சிளங்குழந்தைகளுக்குப் பொதுவாக 5 முதல் 10 லிட்டர். அது ஓர் ஈரப்பதமூட்டி வழியே சென்று 37 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பாகிறது. பிறகு ஒரு குழாய் வழியாகக் குழந்தையின் மூக்கருகே வருகிறது. மூக்கில் பொருந்தும் இரண்டு குட்டைக் குழல்கள் அங்கே இருக்கின்றன. அந்த இடத்திலிருந்தே இன்னொரு குழாய் கிளம்பி, ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்குகிறது. அதன் நுனி நீர்மட்டத்திற்கு 5 செ.மீ. கீழே மூழ்கியிருக்கிறது. பாட்டிலின் வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது.

‘சைக்கிள் பம்பில் காற்று அடிப்பதுபோல் குழந்தைக்குள் காற்றைத் தள்ளுகிறது’ என்றே மாணவர்கள் சொல்வார்கள். அப்படி இல்லை. இந்தக் கருவி மூச்சு கொடுப்பதில்லை, குழந்தை தானே மூச்சு விடுகிறது. கருவி செய்வது, குழந்தையின் மூக்கருகே ஓடிக்கொண்டிருக்கும் காற்றின் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்று உயர்த்தி வைப்பது மட்டுமே. மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகும் அந்த அழுத்தம் உள்ளே நிற்பதால் நுண்ணறைகள் முழுவதும் மூடுவதில்லை. பலூனைப் பாதி ஊதிய நிலையிலேயே வைத்திருப்பதுபோல. பூச்சு மிகவும் குறைந்த குழந்தைகளுக்கு அதை மருந்தாகவே நுரையீரலுக்குள் செலுத்தவும் செய்கிறார்கள்.

ஓடும் காற்றில் எவ்வளவு குழந்தைக்குள் போகிறது என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு மூச்சுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 4 முதல் 6 மி.லி. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு ஏறத்தாழ 8 மி.லி. நிமிடத்திற்கு 50 மூச்சு என்றால் 400 மி.லி. குழாயில் ஓடுவதோ 6 லிட்டர். பதினைந்தில் ஒரு பங்கு மட்டுமே குழந்தைக்கு. மீதி, மூக்கைக் கடந்து நேராகத் தண்ணீருக்குள் போய்க் குமிழியாக வெளியேறுகிறது.

இது வீணா? இல்லை. 400 மி.லி. என்பது நிமிடச் சராசரி. குழந்தை அதை ஒரே சீராக இழுப்பதில்லை. 8 மி.லி. காற்றை ஏறத்தாழ 0.4 வினாடியில் இழுக்கிறது. அந்த நேரத்தில் அதன் வீதம் நிமிடத்திற்கு 1.2 லிட்டர், உச்சத்தில் அதற்கும் மேல். மூக்கோரத்திலும் வாயிலும் கசிவு வேறு. இவற்றையெல்லாம் ஈடுகட்டிய பிறகும் மிச்சம் இருந்தால்தான் பாட்டிலில் குமிழி வரும், அழுத்தம் நிலைக்கும். மேலும், குழந்தை வெளியே விடும் கார்பன் டைஆக்சைடை அடுத்த மூச்சுக்குள் அடித்துச் செல்லவும் இந்த ஓட்டம் வேண்டும்.

சரி, அழுத்தத்தைத் தீர்மானிப்பது எது? காற்றோட்டத்தைக் கூட்டினால் அழுத்தம் கூடுமா? இதற்குச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. குக்கரின் அடுப்பைக் கூட்டினால் நீராவி அதிகம் சீறும், ஆனால் உள்ளே உள்ள அழுத்தம் வெயிட் தூக்கும் அளவைத் தாண்டாது. அங்கே வெயிட் செய்யும் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. காற்று வெளியேற வேண்டுமானால் குழாய்க்குள் ஏறியிருக்கும் தண்ணீரை நுனிவரை கீழே தள்ள வேண்டும். அதற்கு வேண்டிய அழுத்தம் = ஆழம் × நீரின் அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் = 0.05 × 1000 × 9.8 = 490 பாஸ்கல். அந்த அளவை எட்டியதும் குமிழி கிளம்பிவிடும். ஓட்டத்தைக் கூட்டினால் குமிழிகள் கூடும், அழுத்தம் பெரும்பாலும் மாறாது. ‘பெரும்பாலும்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓட்டம் மிகும்போது குழாயின் உராய்வுத் தடையும் கூடுவதால் மூக்கருகே அழுத்தம் சற்று ஏறும். குழாய் எவ்வளவு மெலிதோ அவ்வளவு ஏறும்.

490 பாஸ்கல் என்பது வளிமண்டல அழுத்தமான 1,01,325 பாஸ்கலில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. இந்தச் சிறு வேறுபாட்டைத் துல்லியமாக வைத்திருக்க ஒரு பாட்டில், ஒரு குழாய், ஓர் அளவுகோல் போதும்.

குமிழி சொல்வதும் சொல்லாததும்

என் கருத்தில், வகுப்பறையில் கணக்கைவிட அதிக நேரம் தர வேண்டிய பகுதி இது. குமிழி வந்துகொண்டிருந்தால் எல்லாம் சரி என்று சொல்லலாமா?

முதலில், குமிழி நின்றுபோன நிலை. குழந்தை வாயைத் திறந்திருக்கலாம், மூக்குக் குழல் விலகியிருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். காற்று எளிய வழியில் வெளியேறுகிறது, தண்ணீரைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் இல்லை. செவிலியர் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு நிலை: குழந்தையின் மூக்குத் துளை சளியால் அடைத்துக்கொண்டது. இப்போது குமிழிக்கு என்ன ஆகும்? மாணவர்களில் பலர் ‘நின்றுவிடும்’ என்பார்கள். நிற்காது. குழந்தைக்குள் போகும் வழி அடைபட்டாலும் பாட்டிலுக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது. குமிழிகள் முன்போலவே மகிழ்ச்சியாக வந்துகொண்டிருக்கும். குழந்தைக்கு எதுவும் போய்ச் சேராது. ஆகவே குமிழி காட்டுவது குழாயில் உள்ள அழுத்தத்தை, நுரையீரலில் உள்ளதை அல்ல. பாட்டிலைப் பார்க்கும் கண் குழந்தையின் மார்பையும் பார்க்க வேண்டும்.

வெளியேற்றுக் குழாய் மடிந்துபோனால் இதற்கு நேர்மாறு: வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும். அது நுரையீரலைக் கிழித்துவிடக்கூடிய ஆபத்து. அதனால்தான் முறையான கருவிகளில் தனியாக ஒரு அழுத்த விடுவிப்பு வால்வு வைக்கிறார்கள்.

மெதுவாக வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. 37 டிகிரியில் நீராவி நிறைந்த 1 லிட்டர் காற்றில் சுமார் 44 மில்லிகிராம் நீர் இருக்கும். நிமிடத்திற்கு 6 லிட்டர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 16 கிராம். குழாயில் வரும்போது காற்று குளிர்கிறது. அந்த நீரில் பாதி துளிகளாகப் படிந்து பாட்டிலில் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலின் குறுக்குப்பரப்பு 20 சதுர செ.மீ. என்றால், 5 மணி நேரத்தில் 40 மி.லி. சேர்ந்து நீர்மட்டம் 2 செ.மீ. உயரும். குழாயை யாரும் தொடவில்லை, ஆனால் அழுத்தம் 5-லிருந்து 7 செ.மீ. ஆகிவிட்டது. மிகுந்த நீர் தானே வழிந்தோடும் துளை சில பாட்டில்களில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்பதாம் வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

ஒரு முனகலிலிருந்து

1959-இல் அமெரிக்காவின் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும், மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பூச்சு இல்லை என்று காட்டினர். நோயின் காரணம் தெரிந்துவிட்டது, சிகிச்சை தெரியவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டே நாளில் இறந்தான். நாட்டின் சிறந்த மருத்துவர்கள் அருகிருந்தும் ஒன்றும் செய்ய இயலவில்லை.

திணறும் குழந்தைகள் மூச்சு விடும்போது ‘ம்ம்’ என்று முனகுவது உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஹாரிசனும் உடன் பணியாற்றியவர்களும் 1968-இல் அந்த முனகலை ஆராய்ந்தார்கள். குழந்தை குரல்வளையைப் பாதி மூடி, காற்றைத் தடுத்து, நுரையீரலுக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மூச்சுக்குழாயில் குழல் செருகி அந்த முனகலை நிறுத்தியபோது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. குழந்தை தன் உடலாலேயே செய்துகொண்டிருந்த வேலையைக் கருவியால் செய்து கொடுக்கலாம் என்பதை 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகோரி நடைமுறையில் காட்டினார். முதல் அறிக்கையில் 20 குழந்தைகள், பிழைத்தவர்கள் 16 பேர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென்-டியென் உங் மூக்குக் குழலும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்ட முறையை நிலைநிறுத்தினார். 1987-இல் எட்டு மருத்துவமனைகளை ஒப்பிட்ட ஆய்வில் நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது அங்கேதான். அந்த ஆய்வின் முதல் ஆசிரியர், 1959-இல் காரணத்தைக் கண்டறிந்த அதே ஏவரி.

நம் அருகிலேயே, டாக்காவில், மொஹம்மது ஜோபாயர் சிஸ்தி என்ற மருத்துவர் ஷாம்பு பாட்டிலைக் கொண்டு இந்த அமைப்பைச் செய்தார். அவர் பார்த்தது கடும் நிமோனியா கண்ட, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை. 2015-இல் வெளியான முடிவு: குமிழி முறையில் 79 பேரில் 3 பேர் இறந்தனர். வழக்கமான குறைந்த ஓட்ட ஆக்சிஜனில் 67 பேரில் 10 பேர்.

இங்கே நிறுத்திவிட்டால் ‘மலிவான கருவி, மகத்தான வெற்றி’ என்று கதை முடிந்துவிடும். மாணவருக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், மருத்துவர்களின் அன்றாட மேற்பார்வை இல்லாத ஒரு மாவட்ட மருத்துவமனையில் கடும் நிமோனியாவோடு வேறு நலிவுகளும் கொண்ட 644 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. குமிழி முறையில் இறப்பு 17 சதவீதம், சாதாரண ஆக்சிஜனில் 11 சதவீதம். இரண்டு இடத்திலும் 5 செ.மீ. தண்ணீரின் அழுத்தம் 490 பாஸ்கல்தான். நோயாளிகளும் வேறு, பார்த்துக்கொள்ளும் ஆட்களின் எண்ணிக்கையும் பயிற்சியும் வேறு. அறிவியல் மன்றத்தில் விவாதிக்க இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தே கொடுங்கள்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் ஆளுக்கொரு ஸ்ட்ராவும் போதும். நுனி நீர்மட்டத்திற்குச் சற்றே கீழே இருக்கும்போது ஊதச் சொல்லுங்கள், பிறகு அடிவரை இறக்கி ஊதச் சொல்லுங்கள். எது கடினம் என்று கன்னத்துத் தசையே சொல்லிவிடும். ஒருவர் ஸ்ட்ராவை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது.

உயர்நிலை வகுப்புகளுக்கு மீன் தொட்டிக் காற்று பம்பு ஒன்று, அதற்குரிய குழாய், மூவழி இணைப்பு, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, வண்ண நீர் ஊற்றிய வளைகுழாய் அழுத்தமானி, ஓரத்தில் செ.மீ. குறித்த பாட்டில். மூவழி இணைப்பின் ஒரு வாயில் பம்பு, இரண்டாவது வாயிலிருந்து பாட்டிலுக்குள் இறங்கும் குழாய், மூன்றாவது வாய் குழந்தையின் மூக்கு இருக்கும் இடம். அங்கே முதலில் அழுத்தமானியை இணைத்து, ஆழத்தை 2, 4, 6, 8 செ.மீ. என மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். இரு புயங்களின் நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஆழத்திற்குச் சமமாக வரும். அழுத்தமானி அசையாமல் நிற்காது, ஒவ்வொரு குமிழிக்கும் சற்றுத் துள்ளும். இந்தத் துள்ளலும் நுரையீரலுக்கு நல்லது என்று கருதும் மருத்துவர்கள் உண்டு. மாணவர்கள் சராசரி எடுத்துக்கொள்ளட்டும். பாட்டிலுக்குப் பதில் வாளியில் அதே ஆழத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு செய்து பாருங்கள்.

அடுத்து அழுத்தமானியை எடுத்துவிட்டு அங்கே சிரிஞ்சைப் பொருத்துங்கள். உலக்கையை மெதுவாக இழுத்தால் குமிழி தொடரும். வெடுக்கென்று இழுத்தால் ஒரு கணம் குமிழி நின்று, தண்ணீர் குழாய்க்குள் மேலேறும். இழுப்பின் வீதம் பம்பின் ஓட்டத்தை மிஞ்சிவிட்டது. 6 லிட்டர் எதற்கு என்ற கேள்விக்கு இங்கேதான் விடை. கடைசியாக மூன்றாவது வாயை விரலால் அடைத்துக் காட்டுங்கள், குமிழி தொடரும். பிறகு திறந்து விடுங்கள், குமிழி நின்றுபோகும். சளி அடைத்த மூக்கும் திறந்த வாயும் மேசையில் வந்துவிட்டன.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த மாதிரியை எந்த மனிதரின் மூக்கிலோ வாயிலோ வைத்துப் பார்க்கக் கூடாது. ‘ஷாம்பு பாட்டிலால் உயிர் காக்கலாம்’ என்று வீட்டில் முயன்றுவிடவும் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, நம் வகுப்பில் குறைமாதத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை இருக்கலாம், தம்பியையோ தங்கையையோ அந்தப் பிரிவில் இழந்த பிள்ளையும் இருக்கலாம். இறப்பு எண்ணிக்கைகளைப் பலகையில் எழுதும் முன் அதை நினைவில் கொள்வது நல்லது. யாரும் தங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லும்படி கேட்க வேண்டாம், தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் மிச்சமிருந்தால் இந்தக் கேள்வியையும் வையுங்கள்: பாட்டிலை மேசையிலிருந்து ஒரு மீட்டர் கீழே, தரையில் வைத்தால் குழந்தைக்குக் கிடைக்கும் அழுத்தம் மாறுமா? பலர் ‘மாறும்’ என்று கை தூக்குவார்கள். இடையில் இருப்பது தண்ணீர் அல்ல, காற்று. அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. ஒரு மீட்டருக்கு 1.2 × 9.8, அதாவது சுமார் 12 பாஸ்கல். 490-க்கு முன் அது பொருட்டே அல்ல. அதிலும் குழாய்க்கு வெளியே உள்ள வளிமண்டலமும் அதே ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ அதே 12 பாஸ்கல் மாறுவதால், மிச்சம் ஏறக்குறைய சுழியம். பம்பு, பாட்டில், அழுத்தமானி மூன்றும் மேசையில் இருக்கும்போதே பாட்டிலைத் தரையில் இறக்கி, அவர்களே வாசித்துக்கொள்ளட்டும்.